எதிர்க்கடையும் என் பழைய எண்ணெயும்

எங்க தொழில்ல ஸ்பானரைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடியே மூக்கு பாதி வேலைய முடிச்சிடும். புல்லு வெட்டுற மிஷின், ஜெனரேட்டர், தண்ணி பம்பு, செயின்சா, எந்தச் சின்ன இஞ்சினா இருந்தாலும் சரி, "ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதுண்ணே"ன்னு கொண்டாந்து வெச்சாங்கன்னா, நான் முதல்ல டாங்கி மூடியத் திறந்து மோந்து பார்ப்பேன். நல்ல பெட்ரோல் மூக்குல சுருக்குன்னு ஏறும். கெட்டுப்போனது பழைய பெயிண்ட் டப்பா வாடை அடிக்கும். நான் நிமிர்ந்து, "எண்ணெ பழசு"ன்னு சொல்லுவேன். பினாங்குல நாங்க பெட்ரோல எண்ணென்னுதான் சொல்றது. அந்த ரெண்டு வார்த்தைய நான் சொல்ற தோரணைக்கே ஜெலுத்தோங் பக்கம் எனக்கு ஒரு பேரு உண்டு. உண்டுன்னா, இருந்துச்சு.

கடையில நானும் என் வீட்டுக்காரி செல்வியும்தான். ரிப்பேர் என் பொறுப்பு, சாமானும் கல்லாவும் அவ பொறுப்பு. இருபது வருஷமா ஒரு குறையும் இல்லாம ஓடிக்கிட்டிருந்தது, எங்களுக்கு நேர் எதிர்ல ஒருத்தன் அதே மாதிரி ஒரு கடையத் திறக்குற வரைக்கும்.

எதிர்க்கடை உள்ள என் சொந்தங்களே, இத உங்களுக்காகத்தான் எழுதுறேன். மத்தவங்க படிச்சா சிரிப்பாங்க. உங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும். வாடிக்கைக்காரங்க போனாக்கூடப் பரவால்லன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துடுவேன். எனக்கு வருஷத்துல ஒரு நாள், எங்க அம்மன் கோயில்ல, எல்லாரும் பாக்க ஒரு மாலை விழும். அந்த மாலை மட்டும் அவன் கழுத்துக்குப் போயிடக்கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது.

போன வாரம்தான் ஓடுச்சு

மிஷின் கொண்டாறவங்க எல்லாரும் முதல்ல சொல்றது இது ஒண்ணுதான். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் புல்லு மிஷினக் கொண்டாந்து வெச்சிட்டு, போன வாரம்தான் சார் நல்லா ஓடுச்சுன்னாரு. எந்தப் போன வாரம்னு கேட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம்னாரு. அப்ப சீனப் பெருநாளே முடிஞ்சு தெருவுல சிவப்பு லாந்தர் எல்லாம் இறக்கிட்டாங்க. டாங்கியத் திறந்தா உள்ள இருக்கிறது தேத்தண்ணி நிறத்துல இருக்கு. மிச்ச எண்ணெய எங்க வெச்சிருக்கீங்கன்னேன். மினரல் வாட்டர் பாட்டில்ல ஊத்தி வாசல்ல வெயில்ல வெச்சிருக்காராம். பாட்டில் உப்பிப் போச்சாம், அது ஏன்னு என்னையே கேக்குறாரு.

பொறுமையா சொன்னேன். பெட்ரோல்ல லேசா இருக்கிறது பறந்துடும், கனமா இருக்கிறது தங்கி, பிசின் மாதிரி ஆகி, கார்பரேட்டர்ல இருக்கிற ஊசித் துவாரத்த அடைச்சிடும். எண்ணெய்க்குன்னு செஞ்ச தோங்ல, அதான் மூடி போட்ட கேன்ல, ஊத்தி இறுக்கி மூடணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்துடணும். மிஷின எடுத்து வெக்கிறதா இருந்தா டாங்கிய வடிச்சிட்டு, அதுவா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு அப்புறம் வெக்கணும். எல்லாத்தையும் கேட்டுட்டு வாத்தியார் ஒரு கேள்வி கேட்டாரு. அன்னிக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பின்னாடி அதே கேள்விய நெனச்சு எத்தன நாள் வயிறு எரிஞ்சேன்னு உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

"கெட்டுப்போற சாமான்னா பால் டப்பா மாதிரி தேதி போட்டுக் குடுக்கணும் சார். தேதி இல்லாம நான் என்னத்தக் கண்டேன்?"

நிறைஞ்ச டாங்கி

எங்க கடைக்கு ரெண்டு சந்து தள்ளி ஒரு அம்மன் கோயில். சின்னக் கோயில்தான், ஆனா திருவிழாவுல ஒரு நாள் சாயங்காலம் தேர் கிளம்பும். லோரி மேல கட்டுன தேரு, சுத்தி லைட்டு. லைட்டுக்கு ஒரு ஜெனரேட்டர், தேருக்குப் பின்னாடி தள்ளுவண்டியில வரும். இந்த ஜெனரேட்டருக்கு எங்க கோயில்ல ஒரு முறை இருக்கு. திருவிழா முடிஞ்சதும் கமிட்டிக்காரங்க அதக் கழுவித் துடைச்சு, டாங்கிய விளிம்பு வரைக்கும் ரொப்பி, திருநீறு பூசி, பொட்டு வெச்சு, மஞ்சத் துணி போத்தி ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிடுவாங்க. கோயில் சாமான் எதுவும் காலியா இருக்கக்கூடாது. குடமோ விளக்கோ உண்டியலோ, நிறைஞ்சுதான் இருக்கணும். ஜெனரேட்டர் டாங்கியும் அந்தக் கணக்குல சேந்துடுச்சு.

வருஷம் பூராப் பூட்டிக் கெடந்தா அந்த எண்ணெ என்னத்துக்கு ஆகும்? ஒவ்வொரு திருவிழாவுக்கும் ரெண்டு நாள் இருக்கும்போது கயித்த இழுத்துப் பார்ப்பாங்க, செத்த பொணமாக் கெடக்கும். கமிட்டித் தலைவர்லேர்ந்து பூ கட்டுற அம்மா வரைக்கும் கையப் பிசைவாங்க. சேகரக் கூப்பிடுன்னு ஆள் ஓடும். நான் போயி மூடியத் திறந்து, மோந்து, எண்ணெ பழசுன்னு சொல்லி, கார்பரேட்டரக் கழட்டி ஊதி, புது எண்ணெ ஊத்தி ஒரு இழுப்பு இழுத்தா குபுகுபுன்னு கிளம்பும். தேர் சுத்தி வந்ததும் அம்பாளுக்குப் போட்ட மாலைய எடுத்து, தலைவர் கையாலேயே என் கழுத்துல போடுவாரு. செல்வி அத போன்ல படம் பிடிப்பா.

முதல் வருஷமே நான் சொன்னேன், நான் சொல்லலன்னு யாரும் சொல்லமுடியாது. அடுத்த வாட்டி டாங்கிய வடிச்சிட்டு வைங்கன்னு தலைவர்கிட்ட நேராவே சொன்னேன். அவரு என்ன ஏற இறங்கப் பாத்தாரு. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்ச எடுக்கல.

"சேகரு, அம்பாள் சொத்த வத்தவிடச் சொல்றியாப்பா?"

வெத்தல பாக்கோட வந்த வில்லங்கம்

முருகேசன் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியனா இருந்தவன். வேலைய விட்டுட்டு வந்து கடை வெச்சான். வெக்கட்டும், பினாங்குல இடமா இல்ல? எனக்கு நேர் எதிர்லதான் வெக்கணுமா? என் கடைத் தரையில கிரீஸ் படிஞ்சு சிமெண்டு என்ன நிறம்னே தெரியாது. அவன் வெள்ள டைல்ஸ் போட்டான். என் ஃபேன் என் பக்கம் திரும்பி இருக்கும். அவன் ஃபேன வாடிக்கைக்காரங்க உக்காருற பக்கம் திருப்பி வெச்சான். அவங்க உக்கார நாலு நாற்காலி வேற. ரிப்பேர் கடையில எதுக்குயா நாற்காலி? ஜனங்க நிக்கக் கஷ்டப்பட்டாதான மிஷின விட்டுட்டு சீக்கிரம் போவாங்க.

கடை திறக்குற அன்னிக்குக் காலையில ரோட்டக் கடந்து வந்தான். தட்டுல வெத்தல, பாக்கு, பழம். அண்ணே, நீங்க இந்தத் தொழில்ல பெரியவங்க, வாழ்த்தணும்னு குனிஞ்சான். நான் என்ன செய்யமுடியும்? வாழ்த்தித் தொலைச்சேன். சண்டக்காரனா வந்திருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவன் திரும்பிப் போறத செல்வி பாத்துக்கிட்டே நின்னா. நான் அவ மூஞ்சியப் பாத்தேன். அவ சொன்னத எந்தப் புருஷனும் எதிர்க்கடைக்காரனப் பத்தித் தன் வீட்டுல கேக்கக்கூடாது.

"பரவால்லயே, நல்ல மரியாத தெரிஞ்ச பையனா இருக்காரே."

வெள்ள டேப்பு

பார்வதி அக்கா எனக்கு ஆரம்ப கால வாடிக்கை. ஃபிளாட்டு, ரோட்டோரம்னு புல்லு வெட்டுற காண்ட்ராக்ட்டு எடுத்து ஆள் வெச்சு நடத்துறாங்க. பத்துப் பன்னெண்டு மிஷின் ஓடும். மழ மாசத்துல வேல கொறஞ்சு மிஷின் சும்மா நிக்கும். மழ விட்டதும் பாதி மிஷின் ஸ்டார்ட் ஆகாது. அந்த மிஷினுக்கு எண்ணெயோட டூ-டி இஞ்சின் ஆயில் கலக்கணும், அப்படிக் கலந்தது சீக்கிரமே கெடும், அவங்க ஆளுங்க ஒரு பெரிய தோங் நிறையக் கலந்து வெச்சிட்டு மாசக்கணக்கா அதையே ஊத்துவாங்க. மழ விட்டா அக்கா லோரி என் வாசல்ல நிக்கும்னு நான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

ஒரு வருஷம் மழ விட்டுச்சு, வெயில் அடிச்சுது, லோரி வரல. நான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். கடைசியில வந்தாங்க, ஒரே ஒரு மிஷினோட. அதுவும் பிளேடு வளைஞ்சு போனதுக்கு. லோரி பின்னாடி சின்னச் சின்ன தோங்கா அடுக்கி வெச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணுலயும் வெள்ள டேப்பு ஒட்டி, எண்ணெ வாங்குன தேதி, கலந்த தேதி எழுதியிருந்துச்சு. யாரு எழுத்துன்னு கேக்காமலே தெரிஞ்சு போச்சு, எதிர்க்கடை போர்டுல இருக்கிற அதே குண்டு எழுத்து. வாத்தியார் சொன்ன தேதி! என் கடையில, என் காதுல சொன்னாரு. நான் சிரிச்சேன். அவன் டேப்பு வாங்கிட்டான். அன்னிக்கு மத்தியானம் சூலியா தெருவுக்குப் போயி நாசி கண்டார் சோறும் கறியும் வாங்குனேன், ரெண்டு வாய்க்கு மேல எறங்கல.

இருந்தாலும் மனசு கேக்காம அக்காகிட்டயே கேட்டேன், இருபது வருஷப் பழக்கத்த விட அந்த வெள்ள டேப்பு பெருசாப் போச்சான்னு. அக்கா மறைச்சுப் பேசுற ஆள் இல்ல.

"கோச்சுக்காத சேகரு. நீ மிஷின ரிப்பேர் பண்ணித் தர்ற, அந்தத் தம்பி ரிப்பேரே வராம பண்ணித் தர்றாரு லா."

குளிர்ச்சியான இடம்

நானும் டேப்பு வாங்குனேன். மஞ்ச டேப்பு. வெள்ளயவிட அது நல்லா தூரத்துலேர்ந்து தெரியும். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம், கேக்குறாங்களோ இல்லையோ, எண்ணெய எப்படி வெக்கணும்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சேன். தோங்க முக்காலுக்கு மேல ரொப்பு, காத்துக்கு ரொம்ப இடம் விடாத, மூடிய இறுக்கு, வெயில் படாத குளிர்ச்சியான இடத்துல வை. கெப்பாலா பத்தாஸ்ல மிளகாத் தோட்டம் வெச்சிருக்கிற ராஜு, தண்ணி பம்பு ரிப்பேருக்கு வந்தவன், அவ்வளவு கவனமாக் கேட்டான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எதிர்க்கடைக்குக் கேக்கணும்னே கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்.

ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி எப்படி இருக்கு எண்ணென்னு கேட்டேன். அருமையா இருக்குண்ணே, நீங்க சொன்ன மாதிரியே குளிர்ச்சியான இடத்துல வெச்சிருக்கேன்னான். எங்கடான்னேன். சாமி ரூம்லன்னான். விளக்கு ஏத்துறீங்களாடான்னு கேட்டா, காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் தவறாம ஏத்துறோம்ணேன்னு பெருமையாச் சொல்றான். விளக்குக்கும் தோங்குக்கும் நடுவுல ஒரு ஊதுபத்தி ஸ்டாண்டுதான் இருக்காம்.

மொதல்ல அத வெளியில தூக்கி வைடான்னு போன்லயே கத்திட்டு, மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு பாலத்தத் தாண்டிப் போனேன். நல்ல வேளையா எதுவும் ஆகல. வீட்ட விட்டுத் தள்ளி இருக்கிற கொட்டகையில, அடுப்பு, விளக்கு, பிளக் பாய்ண்ட் எதுவும் இல்லாத மூலையில நானே வெச்சிட்டு, அவன் பெண்டாட்டி குடுத்த தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்தேன். அப்பதான் ராஜு யோசிச்சு யோசிச்சுச் சொன்னான்.

"என் மச்சான் எதிர்க்கடைக்கு வந்தப்ப, வீட்டுக்கு வெளியில வைக்கணும், நெருப்புப் பக்கம் வைக்கக்கூடாதுன்னு அவரு முதல்ல அதத்தான் சொன்னாராம். நீங்க குளிர்ச்சிய மட்டும் சொன்னீங்கண்ணே."

டுரியான்

பாலிக் பூலாவ்ல டுரியான் தோட்டம் வெச்சிருக்கிற சீன அங்கிள் ஒருத்தர், மரத்தடியில புல்லு வெட்டுற மிஷின வருஷா வருஷம் என்கிட்ட குடுப்பாரு. பழம் விழுற காலத்துல ஒரு கூடை டுரியான் கொண்டாந்து வெச்சிட்டுப் போவாரு. இந்த வருஷம் அவரு லோரி வந்து நின்னுச்சு. நான் கையத் துடைச்சிக்கிட்டு எழுந்தேன். அங்கிள் கூடையத் தூக்கிக்கிட்டு இறங்குனாரு, என்னப் பாத்துக் கைய ஆட்டுனாரு, அப்படியே திரும்பி எதிர்க்கடைக்குள்ள போயிட்டாரு. நான் எழுந்தது எழுந்தபடி நின்னேன். கொஞ்ச நேரத்துல காத்து இந்தப் பக்கம் திரும்பி வாசம் வேற வந்துச்சு. வாசத்துக்கு நான் எங்க போயி கதவு போட?

அதோட விட்டானா அவன்? இருக்கிறதுலயே பெரிய பழமா ஒண்ணப் பொறுக்கி எடுத்துக்கிட்டு ரோட்டக் கடந்து வந்து, அண்ணே அண்ணிக்குக் குடுங்கன்னு வெச்சிட்டுப் போனான். சாப்பிடவே மாட்டேன்னு உக்காந்திருந்தேன். அப்புறம் சாப்பிட்டேன். நல்லா வேற இருந்துச்சு. அந்தக் கோவத்துல கொட்டைய அவன் டைல்ஸ் பக்கமா வீசலாம்னு கைய ஓங்குனேன். செல்வி பில்லு எழுதிக்கிட்டே தல நிமிராமச் சொன்னா.

"வீசாதீங்க. அவரு கைராசிக்கு அங்க அதுவும் முளைச்சிடப் போகுது."

ஒரு சொம்பு அரிசி

இந்த வருஷத் திருவிழா நெருங்குச்சு. நானும் கார்பரேட்டர் துவாரம் கழுவுற ஸ்பிரே, புது ஸ்பார்க் பிளக்கு எல்லாம் ஒரு பையில எடுத்து வெச்சிட்டு, எப்ப ஆள் வரும்னு உக்காந்திருந்தேன். தேருக்கு ரெண்டு நாள் இருந்துச்சு, யாரும் வரல. ஒரு நாள் இருந்துச்சு, வரல. மறந்துட்டாங்க போலன்னு பையத் தூக்கிக்கிட்டு நானே கோயிலுக்குப் போனேன். சந்து திரும்பும்போதே சத்தம் கேக்குது, ஜெனரேட்டர் ஓடுது. பக்கத்துல முருகேசன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான்.

விஷயம் இதுதான். போன வருஷம் மாலையப் போட்டுக்கிட்டு நான் வீட்டுக்குப் போனேன் பாருங்க, அதுக்கு மறுநாள் அவன் தலைவரப் பாத்திருக்கான். காலியா வைங்கன்னு அவன் சொல்லவே இல்ல. டாங்கியில இருக்கிறத வடிச்சிடலாம், பதிலுக்கு ஒரு பித்தளச் சொம்பு நிறையப் பச்சரிசி, மேல ஒரு மஞ்சக் கிழங்கு, அத ஜெனரேட்டர் மேல வெச்சிடலாம், சாமான் நிறைஞ்சது நிறைஞ்சபடியே இருக்கும்னு சொல்லியிருக்கான். தலைவர் அப்படியே உருகிட்டாரு. எண்ணெய வடிச்சு, கார்பரேட்டர் காயிற வரைக்கும் ஓடவிட்டு, அரிசிய வெச்சுப் பூட்டியிருக்காங்க. இந்த வருஷம் புது எண்ணெ ஊத்தி முதல் இழுப்புலயே கிளம்பிடுச்சாம்.

நான் அந்தச் சொம்பையே பாத்துக்கிட்டு நின்னேன். பதினஞ்சு வருஷம் அந்த டாங்கிய மோந்து பாத்தவன் நான். எனக்கு ஏன் இது தோணல? அவன் செஞ்சது தப்பா இருந்தா சண்ட போட்டிருக்கலாம். ரொம்பச் சரியா இருந்துச்சு, அதான் பொறுக்கல. தலைவர் என் பையப் பாத்தாரு, பாவமா இருந்திருக்கும் போல, தோள்ல கை போட்டாரு.

"அரிசிய மாசாமாசம் அன்னதானத்துக்கு எடுத்துட்டுப் புதுசு ரொப்பிடுறோம் சேகரு. இனிமே உனக்கும் சிரமம் இல்ல பாரு."

தேர் எங்க வாசலுக்கு வந்தப்ப

வருஷா வருஷம் தேர் எங்க கடை வாசல்ல நிக்கும், அர்ச்சன நடக்கும். செல்வி ஐஸ் போட்ட ரோஸ் சிராப்புத் தண்ணியும் மோரும் வெச்சு எல்லாருக்கும் குடுப்பா. மாலைதான் போச்சு, வாசல் என்னுதுதானன்னு ஒரு யோசன வந்துச்சு. தேர் லைட்டெல்லாம் மங்கித் தெரியுற மாதிரி என் வாசல்ல ஒரு வெளிச்சம் போட்டா? ஃபிளட் லைட்டு ஆறு எடுத்துக் கட்டுனேன். கடை வயரிங் அதத் தாங்காது. அதுக்கென்ன, என்கிட்ட என் சொந்த ஜெனரேட்டர் இருக்கே, கோயில்ல இருக்கிறதவிடப் பெருசு. தேர் வந்து நிக்கிற அந்த நிமிஷத்துல போடணும்னு, சாதா லைட்டக்கூட அணைச்சிட்டு இருட்டுல காத்திருந்தேன். முன்னாடியே ஒரு தரம் ஓட்டிப் பாருங்கன்னு செல்வி சொன்னா. என் மிஷினப் பத்தி எனக்குத் தெரியாதான்னேன்.

மேளம் வந்துச்சு, தேர் வந்துச்சு, நின்னுச்சு. நான் கயித்த இழுத்தேன். ஒண்ணும் இல்ல. திரும்ப இழுத்தேன். சோக்கப் போட்டு இழுத்தேன், எடுத்துட்டு இழுத்தேன். சட்டை நனைஞ்சு போச்சு. பார்வதி அக்கா பாக்குறாங்க, வாத்தியார் பாக்குறாரு, தலைவர் பாக்குறாரு, தேர்மேல அம்பாளும் பாக்குறா. கோயில் ஜெனரேட்டர் மட்டும் பின்னாடி குபுகுபுன்னு ஓடிக்கிட்டிருக்கு. அது நின்னு போகக்கூடாதான்னு நான் வேண்டுனத இங்க மறைக்கல. நிக்கல.

முருகேசன் அதுக்கிட்டேர்ந்து விலகி நடந்து வந்தான். என்னக் கேக்காம என் டாங்கி மூடியத் திறந்தான். குனிஞ்சு மோந்தான். போன திருவிழாவுக்கு ஊத்துனது அது. அதுக்கப்புறம் நான் அந்த மிஷின் பக்கம் போகவே இல்ல. வருஷம் பூரா என் கண்ணு ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. அவன் சத்தமாச் சொல்லியிருக்கலாம், எல்லாரும் கேட்டிருப்பாங்க, நானா இருந்தா சத்தமாத்தான் சொல்லியிருப்பேன். அவன் என் காதுகிட்ட வந்து, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னான்.

"அண்ணே, எண்ணெ பழசு."

அப்புறம் கோயில் ஜெனரேட்டர்லேர்ந்து ஒரு வயர இழுத்து என் ஃபிளட் லைட்டுல ஒண்ணுல மாட்டிவிட்டான். அந்த ஒரு லைட்டு வெளிச்சத்துலதான் எனக்கும் செல்விக்கும் அர்ச்சன நடந்துச்சு. தேர் திரும்பிக் கோயிலுக்குப் போனதும் தலைவர் மாலைய அவன் கழுத்துல போட்டாரு. கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்தேன். அவனுக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு இருந்ததவிட எடுப்பா இருந்துச்சுன்னுகூடத் தோணுச்சு, வயிறு எரியாம என்ன செய்யும்? செல்வி வழக்கம் போல போன எடுத்துப் படம் பிடிச்சா. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு வார்த்தகூடத் திட்டல. கடை வாசல் வந்ததும் நின்னு, என் ஜெனரேட்டரப் பாத்தா, எதிர்க்கடையப் பாத்தா.

"அங்க பாத்த நேரத்துல ஒரு நிமிஷம் இதத் திறந்து மோந்து பாத்திருந்தா, இன்னிக்கு ஆறு லைட்டும் எரிஞ்சிருக்கும்ங்க."

இப்ப என் ஜெனரேட்டர் டாங்கியும் வடிச்சுக் காஞ்சுதான் இருக்கு, மேல ஒரு சொம்பு அரிசியும் இருக்கு. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு வாடிக்கைக்காரங்க கேட்டா, இருபது வருஷ அனுபவம்னு சொல்லிடுறேன், எதிர்க்கடைக்குக் கேக்காத சத்தத்துல.